குன்றும் கணக்கும்

(இணையவழி நேரலை நிகழ்வொன்றில் ஆற்றிய உரையின் விரிவுபடுத்தப்பட்ட எழுத்து வடிவம்)

திராமனிலிருந்து பேசுகிறேன். ஒஸ்லோவிலிருந்து ரயிலேறினால் முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடக்கூடிய, நடுவே ஆறு ஓடும் ஊர். இந்த ஊரின் நடுச் சதுக்கத்தில் மார்ச் மாதங்களில் உலகக் கோப்பைப் பனிச்சறுக்கு விரைவோட்டம் நடக்கும். தெருவில் பனி போதாது என்பதால் லொறி லொறியாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். வந்த புதிதில் அதைப் பார்த்து வாய் பிளந்து நின்ற நான், பக்கத்தில் நின்ற நண்பரிடம் கேட்டேன்: "இந்தப் பனிக்கு ஆர் காசு குடுக்கிறது?"

அவர் எனக்குப் பத்து வருடம் முன்னால் வந்தவர். சிரித்துவிட்டுச் சொன்னார்: "என்னட்ட ஏன் கேட்கிறாய்? கொம்யூனிட்டக் கேள். கேட்டால் சொல்லத்தான் வேணும். அதுக்கு இங்க சட்டமே இருக்கு."

இன்றைய உரை அந்தக் கேள்வியும் அந்தப் பதிலும்தான். விளையாட்டுக்கு உள்ளூராட்சி செலவழிக்கும் பணம் யாருடையது, அதன் கணக்கு யாருக்குக் காட்டப்படுகிறது, காட்டாவிட்டால் என்ன நடக்கிறது? இலக்கிய மேடையில் இதென்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். ஆனால் வரலாற்றில் நமக்குக் கிடைத்திருக்கும் எழுத்துகளில் பெரும்பங்கு கணக்கு எழுத்துதான். நமது கல்வெட்டுகளில் பாதி, யார் எவ்வளவு கொடுத்தார்கள், அதை யார் பொறுப்பில் விட்டார்கள் என்று சொல்பவை. அங்கே பிறகு வருவோம். முதலில் ஒஸ்லோவின் ஒரு குன்றுக்குப் போவோம்.

குன்று

ஹொல்மென்கொல்லன் என்ற பெயரை நோர்வேயில் வாழும் எவரும் அறிவர். ஒஸ்லோவுக்கு மேலே காட்டோரத்தில் இருக்கும் குன்று. அங்கே முதல் பனிச்சறுக்குப் பாய்ச்சல் போட்டி 1892 ஜனவரியில் நடந்தது. அன்று பாய்ந்த மிக நீண்ட தூரம் 21.5 மீற்றர். இன்று எந்தப் பயிற்சிப் பிள்ளையும் தாண்டும் தூரம். 1952-இல் குளிர்கால ஒலிம்பிக் ஒஸ்லோவுக்கு வந்தபோது அதே குன்றில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடினர். மன்னர் ஐந்தாம் ஊலாவ், இளவரசராக இருந்தபோது அந்த மேடையிலிருந்து பாய்ந்தவர். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்து வாகனங்களுக்குத் தடை போட்டபோது, அதே மன்னர் பனிச்சறுக்கப் போக இந்தக் குன்றுக்கு ஏறும் ட்ராமில் சாதாரணப் பயணியாக ஏறினார். பயணச்சீட்டுக்குக் காசு நீட்டும் மன்னரின் புகைப்படம் இந்த நாட்டின் குடும்பப் படம் போல ஆகிவிட்டது. அந்தப் படத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2005-இல் சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனம், பழைய மேடை உலகப் போட்டிக்குப் போதாது என்றது. 2006 மே மாதத்தில், 2011-க்கான உலகப் பனிச்சறுக்குப் போட்டி ஒஸ்லோவுக்குத் தரப்பட்டது. அதாவது நாள் குறித்தாயிற்று; மேடை இன்னும் இல்லை. கலியாண நாளைக் குறித்துவிட்டு மண்டபம் கட்டத் தொடங்குவது எப்படி என்று நமக்குத் தெரியும். மேசன் சொல்வதே விலை.

நகரம் உலகளாவிய வடிவமைப்புப் போட்டி வைத்தது. உருக்கால் ஆன, இரவில் ஒளிரும் ஓர் அழகான வடிவம் தேர்வானது. 2008 ஒக்டோபரில் பழைய மேடையை இடித்தார்கள். தொடக்கத்தில் மக்களுக்குச் சொல்லப்பட்ட தொகை சில நூறு மில்லியன் குரோனர்கள். ஒவ்வொரு முறை மதிப்பீடு திருத்தப்பட்டபோதும் தொகை ஏறியது. முடிவில் அந்த விளையாட்டரங்கு முழுவதற்குமான செலவு சுமார் 1,800 மில்லியன் குரோனர்கள்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. புதிய மேடையிலிருந்து அதிகாரபூர்வமாக முதலில் யார் பாய்வது என்ற கேள்வி எழுந்தபோது, பொதுமக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். அனெத்த சாகன் என்ற வீராங்கனை தேர்வானார். பெண்களுக்குப் பாய்ச்சல் போட்டிகளில் இடம் வேண்டும் என்று போராடியவர்; 2010 மார்ச் 3 அன்று பாய்ந்தார். நல்ல தேர்வு. ஆனால் யோசித்துப் பாருங்கள்: யார் முதலில் பாய்வது என்பதற்கு மக்கள் வாக்களித்தார்கள். எவ்வளவு செலவழிப்பது என்பதற்கு வாக்களிக்கும்படி அவர்களை எவரும் கேட்கவில்லை.

தண்டனை யாருக்கு?

கணக்குக் கேட்கப்படவே இல்லை என்று சொல்லமுடியாது. ஒஸ்லோ 1986 முதல் நாடாளுமன்ற முறையில் ஆளப்படும் நகரம். நகரசபை என்பது சிறு நாடாளுமன்றம். அதன் நம்பிக்கையில்தான் நகர ஆட்சிக்குழு நிற்கிறது. செலவு ஏறிய செய்தி வெளிவந்தபோது பத்திரிகைகள் விடவில்லை, கணக்காய்வாளர்கள் வந்தார்கள், நகரசபையில் கேள்விகள் எழுந்தன. 2009-இல் அந்தத் துறைக்குப் பொறுப்பான ஆட்சிக்குழு உறுப்பினர் பதவி விலகினார். அவர் பணம் எடுத்தார் என்று எவரும் சொல்லவில்லை. செலவு கைமீறியது, அது சபைக்கு உரிய நேரத்தில் தெளிவாகச் சொல்லப்படவில்லை என்பதே பிரச்சினை. நம் ஊரில் இதற்காக ஒருவர் பதவி விலகினால் அவரை அப்பாவி என்போம். இங்கே அது பொறுப்பு.

பிறகு 2011 வந்தது. மரித் பியோர்கன் நான்கு தங்கம் வென்றார். கடைசி நாள் ஐம்பது கிலோமீற்றர் ஓட்டத்தில் பெத்தர் நூர்த்துக் வென்றபோது குன்று முழுவதும் கொடிகள். அதே ஆண்டு செப்ரெம்பரில் நகரசபைத் தேர்தல். குன்றின் செலவு ஏறிய காலம் முழுவதும் நகர ஆட்சிக்குத் தலைமை தாங்கிய ஹொய்ர கட்சியே மீண்டும் முதலிடத்துக்கு வந்து ஆட்சியைத் தொடர்ந்தது.

இதிலிருந்து வாக்காளர்கள் மறதிக்காரர் என்ற முடிவுக்கு வருவது எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கையில் கிடைப்பது ஒரே ஒரு வாக்குச்சீட்டு. அதில் பாலர் பள்ளி, முதியோர் இல்லம், வீட்டுவரி, ட்ராம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதில்தான் சொல்லமுடியும். அந்த ஆண்டு ஜூலை 22-இன் துயரமும் எல்லார் மனதிலும் இருந்தது. ஒரு விளையாட்டரங்கின் விலையைத் தண்டிக்க அந்தச் சீட்டு மிக மொண்ணையான ஆயுதம். அது தெரிந்துதான் இந்த நாடு வாக்குச்சீட்டை மட்டும் நம்பியிருக்கவில்லை.

1837-இலேயே உள்ளூராட்சிச் சட்டங்கள் வந்துவிட்டன. இன்றைக்கு ஒவ்வொரு கொம்யூனிலும் ஆட்சியைக் கண்காணிக்கும் கட்டுப்பாட்டுக் குழு சட்டப்படி இருக்கவேண்டும். அலுவலகக் கோப்புகளைப் பார்க்கும் உரிமை 1970-இல் சட்டமானது. ஏன் கேட்கிறாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியதில்லை, பெயரைக்கூடச் சொல்லவேண்டியதில்லை. நண்பர் சொன்ன சட்டம் இதுதான். விளையாட்டு அரங்குகளுக்கு அரசு தரும் மானியம், 1948 முதல் நடக்கும் அரசுப் பந்தய நிறுவனத்தின் இலாபத்திலிருந்து வருகிறது. அதைப் பெற வேண்டுமானால் அந்த அரங்கு நகரசபை நிறைவேற்றிய திட்டத்தில் இருந்தாகவேண்டும். கட்டிய பின் முப்பது ஆண்டுகள் பொதுமக்களுக்குத் திறந்திருக்கவேண்டும். திறப்புவிழாவோடு கதை முடிவதில்லை.

வேண்டாம் என்று சொன்ன நகரம்

ஹொல்மென்கொல்லன் பாடத்தை யார் படித்தார்கள் என்பது சில ஆண்டுகளில் தெரிந்தது. 2022 குளிர்கால ஒலிம்பிக்கை நடத்த ஒஸ்லோ ஆசைப்பட்டது. இம்முறை மக்களிடம் கேட்டார்கள். 2013 செப்ரெம்பரில் நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்த்து ஒஸ்லோ மக்களிடம் கருத்துக்கணிப்பு வாக்கெடுப்பு. சுமார் 55 விழுக்காட்டினர் ஆம் என்றனர். ஆனால் ஒலிம்பிக்குக்கு நகரத்தின் பணம் போதாது. முழு நாடும் உத்தரவாதம் தரவேண்டும். வடக்கே மீன்பிடி ஊர்களில் இருப்பவர்கள் கேட்டார்கள்: ஒஸ்லோவில் கட்டப்போகும் மேடைக்கு நாங்கள் ஏன் உத்தரவாதம்? 1994 லில்லஹாமர் ஒலிம்பிக் நினைவும் இருந்தது. அது அழகான விழாதான். ஆனால் முதலில் சொன்ன தொகையின் பல மடங்கில் முடிந்த விழா.

அந்த வேளையில் சர்வதேச ஒலிம்பிக் குழு தன் உறுப்பினர்களுக்கு எதிர்பார்க்கும் உபசாரங்களின் பட்டியலைப் பத்திரிகைகள் வெளியிட்டன. தொடக்கவிழாவையொட்டி மன்னருடன் ஒரு விருந்துபசாரம். தங்குமிடத்தில் பழமும் கேக்கும். இரவு வெகுநேரம் திறந்திருக்கும் மதுக்கூடம். ட்ராமில் காசு கொடுத்துப் போன மன்னரின் படத்தைச் சட்டகமிட்டு மாட்டியிருக்கும் நாடு அது. 2014 ஒக்டோபர் 1 அன்று ஆளுங்கட்சியின் நாடாளுமன்றக் குழு உத்தரவாதம் தர மறுத்தது. ஒஸ்லோ விலகியது. பெய்ஜிங்கும் அல்மாட்டியும் மட்டும் எஞ்சின. வாக்காளர்களுக்குக் கணக்குச் சொல்லவேண்டிய நகரங்கள் ஒவ்வொன்றாக விலக, விழா பெய்ஜிங்குக்குப் போனது.

இது நோர்வேக்கு மட்டும் உரியதல்ல. 1976 குளிர்கால ஒலிம்பிக் அமெரிக்காவின் டென்வருக்குக் கிடைத்திருந்தது. 1972-இல் கொலராடோ மாநில மக்கள் பொதுப்பணம் தரமாட்டோம் என்று வாக்களித்தார்கள். விழா இன்ஸ்புருக்குக்குப் போனது. அதே 1976-இன் கோடைக்கால ஒலிம்பிக்கை நடத்திய மொன்றியல், அதன் கடனை 2006-இல்தான் கட்டி முடித்தது. முப்பது ஆண்டுகள். அந்தக் கடனை அடைத்தவர்களில், 1980-களில் மொன்றியலில் வந்திறங்கிய நம்மவர்களும் அடக்கம். தாங்கள் பார்க்காத விழாவுக்கு அவர்கள் வரி கட்டினார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர் பெந்த் ஃப்ளூபியர்க், 1960 முதல் 2012 வரையிலான ஒலிம்பிக்குகளை ஆராய்ந்தபோது, செலவுக் கணக்குக் கிடைத்தவற்றில் ஒன்றுகூடச் சொன்ன தொகைக்குள் முடியவில்லை என்று கண்டார். நாள் மாறாது, பணம் மட்டும்தான் வளைந்து கொடுக்கும் என்றால் அப்படித்தான் நடக்கும்.

நம் பக்கத்து மைதானங்கள்

இப்போது நம் ஊர்களுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் துரையப்பா விளையாட்டரங்கு. மாநகர முதல்வராக இருந்து 1975-இல் கொல்லப்பட்ட அல்பிரட் துரையப்பாவின் பெயர் தாங்கிய மைதானம். 1999-இல் அதைத் திருத்தத் தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து மனித எலும்புக்கூடுகள் வந்தன. உலகில் எத்தனையோ விளையாட்டரங்குகளில் பணத்துக்குக் கணக்கு இல்லை. நமது அரங்கில் மனிதர்களுக்கே கணக்கு இல்லை.

பின்னர் இந்திய அரசின் நிதியுதவியில் அது புதுப்பிக்கப்பட்டது. 2016 ஜூன் மாதம் திறப்பு. இந்தியப் பிரதமர் டில்லியிலிருந்து காணொளி வழியாகத் திறந்துவைத்தார். நல்ல காரியம், பிள்ளைகளுக்கு ஓடுவதற்குத் தளம் கிடைத்தது. ஆனால் அன்றைக்கு யாழ்ப்பாணத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகரசபை இல்லை. முந்திய சபை காலாவதியாகிவிட்டது. அடுத்த தேர்தல் 2018 பெப்ரவரியில்தான். காசு கொடுத்தவர் ஓரிடத்தில், திறந்தவர் ஓரிடத்தில், நிர்வகிப்பவர் ஆணையாளர். அந்த அரங்கின் பராமரிப்பைப் பற்றி ஒரு தாய் யாரிடம் கேட்பாள்? தன் வாக்கால் எவரையும் அசைக்க முடியாதவளுக்கு அன்பளிப்பு மட்டும்தான் கிடைக்கும். அன்பளிப்புக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை.

2018-இல் வந்த சபையின் காலம் 2023-இல் முடிந்தது. அப்போது தேர்தல் நடத்தப் பணமில்லை என்றார்கள். உச்சநீதிமன்றம் 2024-இல் அதை அடிப்படை உரிமை மீறல் என்றது. தேர்தல் 2025 மே மாதம்தான் நடந்தது. கணக்குக் கேட்கும் நாளையே பணமில்லை என்று தள்ளிப்போடலாம் என்பது நம் நாட்டின் கண்டுபிடிப்பு.

சென்னையும் வேறு கதையல்ல. நேரு விளையாட்டரங்கு 1993-இல் 260 நாட்களில் கட்டி முடிக்கப்பட்டது என்று பெருமையாகச் சொல்வார்கள். அது வேகம்தான். ஆனால் அந்த இடத்தில் முன்பு இருந்தது மாநகராட்சி மைதானம், டெஸ்ட் கிரிக்கெட் நடந்த மைதானம். அது இடிக்கப்பட்டு இது எழுந்த காலத்தில் சென்னைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகராட்சி மன்றமே கிடையாது. 1973-இல் கலைக்கப்பட்டது, 1996-இல்தான் மீண்டும் தேர்தல். இருபத்துமூன்று ஆண்டுகள் ஒரு பெருநகரம் உறுப்பினர் இல்லாமல் ஓடியது. கேள்வி கேட்க ஆளில்லாத இடத்தில் வேலை வேகமாக நடக்கும்.

உத்திரமேரூர்

நமக்கு இந்த மரபே இல்லை என்று சொல்வதற்கில்லை. காஞ்சிபுரத்துக்கு அருகே உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறை பற்றி நாம் மேடைகளில் பெருமை பேசுவது இவற்றை வைத்துத்தான். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டுச் சிறுவனைக் கொண்டு எடுப்பித்தார்கள் என்பதோடு நம் பெருமை நின்றுவிடுகிறது. அதே கல்வெட்டில் யாருடைய பெயரைக் குடத்தில் இடக்கூடாது என்றும் ஒரு பட்டியல் உண்டு. அதன் முதன்மையான விதிகளில் ஒன்று: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் தகுதியற்றவர். அவர் மட்டுமல்ல; அவருடைய உறவினர்களும் தகுதியற்றவர்கள். உறவுமுறைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விலக்குகிறது அந்தக் கல்.

மிகைப்படுத்த வேண்டாம். அது ஒரு பிரம்மதேயத்தின் சபை. நிலமும் வேதக்கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமான முறை. அந்த ஏரியில் உழைத்தவர்களுக்கும் பெண்களுக்கும் குடத்தில் ஓலை இல்லை. அதை மக்களாட்சி என்று சொல்வது பிழை. ஆனால் பதவியில் இருப்பது ஓர் ஆண்டு, அடுத்த மூன்றாண்டு அதே பதவி இல்லை, கணக்குக் காட்டாதவருக்கு எப்போதுமே இல்லை என்ற அறிவு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் தமிழில் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. குடவோலையை நினைவு வைத்த நாம், கணக்கோலையை மறந்துவிட்டோம்.

நம் கையில் உள்ள ஓலை

கடைசியாக, நம்மைப் பற்றி. 1983-இலிருந்து நோர்வேயில் மூன்றாண்டு வாழ்ந்த வெளிநாட்டவர் எவரும், குடியுரிமை இல்லாமலே உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். அந்த ஆண்டை மறக்கமாட்டீர்கள். ஜூலையில் கொழும்பு எரிந்தது. செப்ரெம்பரில் இங்கே எங்களைப் போன்ற அந்நியருக்கு முதல் முறையாக வாக்குச்சீட்டு நீட்டப்பட்டது. பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் கை விறைக்க வேலை செய்த எங்கள் ஆட்களுக்கு, கடவுச்சீட்டுக்கு முன்னரே கிடைத்த உரிமை கொம்யூன் வாக்கு. நாடாளுமன்றத்தை அல்ல, தங்கள் பிள்ளை உதைபந்து விளையாடும் மைதானத்தைத் தீர்மானிக்கும் வாக்கு.

அதை நாங்கள் எப்படிப் பயன்படுத்தினோம்? வாக்குச்சீட்டில் தமிழ்ப் பெயரைத் தேடினோம். பக்கத்தில் புள்ளடி போட்டோம். அதில் பிழையில்லை. 2015-இல் கம்சாயினி குணரத்தினம் ஒஸ்லோவின் துணை மேயரானபோது உலகெங்கும் தமிழர் மகிழ்ந்தோம்; நானும் மகிழ்ந்தேன். ஆனால் புள்ளடி போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். வரவுசெலவுத் திட்டம் விவாதிக்கப்படும் மாலைகளில் பார்வையாளர் இருக்கையில் நம்மைக் காணவில்லை.

நான் முன்பு வாழ்ந்த சிறிய ஊரொன்றில், தமிழ்ப் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் பூப்பந்து விளையாட உள்ளரங்கு நேரம் கிடைப்பதில்லை என்று ஏழெட்டு வருடம் எங்களுக்குள் புலம்பினோம். நிறவெறி என்றார் ஒருவர். விதி என்றார் இன்னொருவர். நேரப் பங்கீட்டு விதிகள் என்ன, யாருக்கு எத்தனை மணிநேரம் போகிறது என்று கேட்டு எங்களில் எவரும் ஒரு கடிதம் எழுதவில்லை. இந்த நாட்டின் சட்டப்படி முந்நூறு குடியிருப்பாளர்கள் கையெழுத்திட்டு ஒரு விடயத்தை முன்வைத்தால் கொம்யூன் சபை அதை எடுத்து விவாதித்தே ஆகவேண்டும். முந்நூறு! ஒரு பூப்புனித நீராட்டு விழாவுக்கு நாங்கள் கூட்டும் கூட்டத்தைவிடக் குறைவு.

இன்னொன்றையும் சொல்லாமல் முடித்தால் நான் நேர்மையாகப் பேசியவனாகமாட்டேன். கொம்யூனிடம் கணக்குக் கேட்கத் தயங்கியதற்குக் காரணம் மொழி மட்டுமல்ல. எங்களிடையே சேர்த்த பணத்துக்கே கணக்குக் கேட்டுப் பழகவில்லை. கோடைகால விளையாட்டு விழாக்கள், நினைவுக் கிண்ணங்கள், ஊர்ச் சங்கங்களின் மைதானப் புனரமைப்பு நிதி — நாற்பது ஆண்டுகளாகக் கொடுத்துவருகிறோம். வெயிலில் நின்று கொத்துரொட்டி விற்று, இரவு வேலை முடித்துவந்து கோடு கீறி, டுக்னாட் என்ற சொல்லை இந்த நாட்டவரிடம் கற்பதற்கு முன்பே சிரமதானம் செய்து வந்தவர்கள் நாங்கள். அந்த உழைப்பை வணங்குகிறேன். ஆனால் "போன வருடக் கணக்கு எங்கே?" என்று எழுந்து கேட்டவரை என்ன பெயர் சொல்லி உட்காரவைத்தோம் என்பதும் நமக்குத் தெரியும். ஊருக்குப் போன பணத்தில் மைதானத்துக்கு மதில் எழுந்ததா என்று கேட்டவர் இனத்தின் எதிரியானார். அடுத்த தடவை அவர் வரவில்லை. அவருடைய பிள்ளைகளும் வரவில்லை. உத்திரமேரூர் கணக்குக் காட்டாதவரை விலக்கியது. நாங்கள் கணக்குக் கேட்டவரை விலக்கினோம்.

கணக்குக் கேட்பது அவமதிப்பல்ல. நீ நடத்தும் இந்தக் காரியம் என்னுடையதும்தான் என்று சொல்வது. எனக்குச் சொந்தமில்லாத ஒன்றுக்கு நான் ஏன் கணக்குக் கேட்கப்போகிறேன்? ஒரு நாட்டில் எப்போது வேர் விட்டோம் என்று பலரும் பலவிதமாகச் சொல்வார்கள். மொழி பேசியபோது, வீடு வாங்கியபோது, பிள்ளை பட்டம் பெற்றபோது என்பார்கள். எனக்கு அது நடந்தது, கொம்யூனுக்கு முதல் கடிதம் எழுதிய அன்று. அந்தப் பழைய கேள்விதான்: சதுக்கத்தில் கொட்டிய பனிக்கு எவ்வளவு செலவு? பிழைபட்ட நோர்வேஜிய மொழியில் நாலு வரி எழுதினேன்.

பதில் வந்தது. தொகை இன்று நினைவில்லை. ஆனால் கடிதத்தின் கடைசி வரி நினைவிருக்கிறது. மேலும் கேள்விகள் இருந்தால் எழுதுங்கள் என்றிருந்தது.

எழுதுங்கள். கேள்விகள் நம்மிடம் நிறையவே இருக்கின்றன.